கரிசலில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்?

விளாத்திகுளம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல், கிணறு கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற பருத்தி அழுகிப்போனது. அதற்கு முன்னால் ஒரு வருடம் கார்த்திகையோடு மழை நின்றுவிட, செடி நின்றும் காய் திரளவில்லை. அப்பா பருத்தியை விட மாட்டேன் என்கிறார். நீங்கள் மக்காச்சோளத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறீர்கள். இந்த மழையையும் இந்த வறட்சியையும் தாங்குகிற பருத்தி என்று ஒன்று உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

உண்டு. ஆனால் முழுவதும் விதைப் பாக்கெட்டுக்குள் கிடைக்காது. ரகம் பாதி வேலை செய்யும். மீதியை நாள் கணக்கும், செலவை எப்போது இறக்குகிறோம் என்பதும்தான் செய்யும். இருபது வருடத்துக்கு மேலாகக் கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் புஞ்சைகளில் பருத்தியோடு திரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பக்கத்தில் பருத்தி தோற்பதற்குப் பெரிய காரணம் மழை குறைவது அல்ல. ஈரம் முடிந்த பிறகும் காய் பிடித்துக்கொண்டிருக்கிற செடியை நாம் விதைக்கிறோம். அதுதான் காரணம்.

கணக்கைப் பார்ப்போம். கோவில்பட்டி வட்டாரத்தில் வருடத்துக்குச் சுமார் 700 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. புரட்டாசி மூன்றாம் வாரம், அதாவது அக்டோபர் 5 வாக்கில் விதைத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மார்கழி பிறக்கும்போது ஓயும். அதுவரை 70, 75 நாள். அதன் பிறகு செடி குடிப்பது மண்ணில் நிற்கும் ஈரத்தை மட்டும்தான். மூன்றடிக்கு மேல் ஆழமுள்ள நல்ல கரிசல், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரமாகக் குறைந்தது 150 மி.மீ. பிடித்து வைத்திருக்கும். காய் திரளும் பருத்தி மார்கழி, தைப் பனிக்காலத்தில் நாளுக்கு 3 முதல் 4 மி.மீ. இழுக்கும். ஆக 40 முதல் 50 நாள். விதைத்த நாளிலிருந்து எண்ணினால் 115 முதல் 125 நாளில் நம் ஈர வங்கி காலி.

இப்போது அதே புஞ்சையில் பலர் போடுவது 160, 180 நாள் போகிற பி.டி. வீரிய ஒட்டு, அதாவது காய்ப்புழுவைத் தடுக்கும் மரபணு சேர்த்த கலப்பின விதை. நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் செடி. அந்தச் செடியைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் உள்ள இடத்தில் அது நன்றாகக் காய்க்கும். கரிசல் மானாவாரியில் அதன் கடைசி ஐம்பது நாள் முழுக்க வறண்ட மண்ணில் போகிறது. அப்பா சொன்ன "செடி இருந்துச்சு, காய் திரளலை" என்பது இதுதான்.

பருத்தியின் குணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விட்டால் பல வருடம் நிற்கக்கூடிய செடி அது. நாம்தான் ஒரு வருடப் பயிராக வைத்திருக்கிறோம். ஈரம் இருக்கும்வரை சப்பை, அதாவது பூ மொட்டு, வைத்துக்கொண்டே போகும். மூடாக்கு வானமோ, தண்ணீர் தேக்கமோ, வறட்சியோ எது வந்தாலும் முதலில் சப்பையையும் பிஞ்சையும் உதிர்த்துவிட்டுத் தன் உயிரைப் பிடித்துக்கொள்ளும். நிலைமை சரியானால் மறுபடி சப்பை வைக்கும். நெல்லுக்கோ மக்காச்சோளத்துக்கோ இந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. மக்காச்சோளம் கதிர் விடும் பத்து நாளில் காய்ந்தால் கதை முடிந்தது. அதனால் பருத்தியை விட மாட்டேன் என்கிற அப்பாவின் பிடிவாதத்தில் நியாயம் இருக்கிறது. 2018-ல் மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் மருந்துச் செலவு ஏறிவிட்டது. நம் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை வேறு.

சரி, 125 நாளுக்குள் எப்படி முடிப்பது? செடி எண்ணிக்கையைக் கூட்டி, ஒரு செடியிடம் கேட்பதைக் குறைக்க வேண்டும். நெருக்கி விதைக்கும் முறை ஒன்றும் புதிது இல்லை. மானாவாரி ரகங்களுக்கு ஒன்றரை அடிக்கு அரை அடி என்பதுதான் பழைய பரிந்துரையே. கணக்குப்படி ஏக்கருக்கு 58 ஆயிரம் செடி. முளைக்காதது, சாவது எல்லாம் போக 45 ஆயிரம் என்று வையுங்கள். செடிக்கு ஐந்து காய், காய்க்கு 3 கிராம் என்று குறைத்தே போட்டாலும் 675 கிலோ, கிட்டத்தட்ட ஏழு குவிண்டால். இதே விளைச்சலை 5,445 வீரிய ஒட்டுச் செடியிடம் கேட்டால், காய்க்கு 4 கிராம் வைத்தாலும் ஒவ்வொன்றும் 31 காய் தர வேண்டும். ஐந்து காய் பிடிக்க மூன்று வாரம் போதும். 31 காய்க்கு இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஒரு புயலும் ஒரு வறட்சியும் வந்து போய்விடும்.

நெருக்கி விதைக்க வீரிய ஒட்டு விதை கட்டுப்படியாகாது. 2025-26-க்கு மத்திய அரசு வைத்த உச்ச விலையே பாக்கெட்டுக்கு 901 ரூபாய். இந்த அடர்த்திக்கு ஏழெட்டு பாக்கெட்டாவது போகும். அதனால் ஒட்டு அல்லாத சாதாரண ரகத்துக்குத்தான் வர வேண்டும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து நம் கரிசலிலேயே இருக்கிறது. அங்கிருந்து வந்த கே.சி. 3 மானாவாரிக்கென்றே உருவானது, வறட்சியையும் இலைச் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியையும் ஓரளவு தாங்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ 17 பக்கக் கிளை விரியாமல் ஒற்றைத் தடியாக நிற்கும், 125 முதல் 135 நாளில் முடியும். கிணறு வைத்திருக்கிற பக்கத்துப் புஞ்சைக்காரர்களுக்கு அதைச் சொல்லுங்கள். ரகம் என்பதால் நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து அடுத்த வருடம் போடலாம். வீரிய ஒட்டில் அது முடியாது, வருடா வருடம் கடைக்குப் போயாக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ரகங்களில் பி.டி. மரபணு கிடையாது. பச்சைக் காய்ப்புழு வரும். மருந்தே தெளிக்க வேண்டியிருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பி.டி. போட்டாலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடமிருந்து இப்போது தப்ப முடியாது. 2002-ல் பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது, 2006-ல் அப்படி இரண்டு மரபணு கொண்ட பி.டி. வந்தது. பத்து வருடம் போவதற்குள் அந்தப் புழு இரண்டையும் தின்று பழகிவிட்டது. அது கடைசிப் பருவப் புழு. பயிர் எவ்வளவு நாள் நிற்கிறதோ அவ்வளவு பெருகும். தை கடைசியில் பயிரை முடித்துவிட்டால் அதன் பெருக்கம் பாதியில் அறுந்துபோகும். ஈரத்துக்காகச் செய்கிற நாள் சுருக்கம் புழுவுக்கும் மருந்தாகிறது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புழுவைப் பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எட்டயபுரம் பக்கம் ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பூப்பிடித்த நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புஞ்சையைக் குறுக்கே நடந்து இருபது பச்சைக் காயைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அருவாள்மனையில் ஒவ்வொன்றாகப் பிளப்பார். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே பஞ்சு இன்னும் தண்ணீர் கோத்து வழவழவென்று இருக்கும். ஒரு அறையில் மட்டும் கொட்டை பழுப்பேறி, அதை ஒட்டி அரிசி நீளத்துக்கு ரோஸ் வளையம் போட்ட புழு சுருண்டு கிடக்கும். "ரெண்டு காயில இருந்தா மருந்து, ஒண்ணுல இருந்தா அடுத்த வெள்ளி" என்பார். ஆராய்ச்சி நிலையம் சொல்லும் பத்து சதவீத எல்லையும் அதேதான். கூடவே ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் ஒரு ராத்திரிக்கு எட்டு அந்துப்பூச்சி, தொடர்ந்து மூன்று ராத்திரி விழுந்தாலும் தெளிக்க வேண்டும். ரோஜா மொட்டு மாதிரி விரியாமல் சுருண்டு நிற்கும் பூ இருந்தால் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள்.

முதல் அறுபது நாள் கடுமையான மருந்து எதையும் தொடாதீர்கள். பொறிவண்டும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் அந்த நாட்களில்தான் உங்கள் புஞ்சையில் குடியேறும். தெளித்தே ஆக வேண்டிய நாளில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேர் அளவில் இறந்தார்கள். அவர்களும் சிறு விவசாயிகளும் கூலிகளும்தான். முகத்தில் துணி கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிற ஆளை நம் ஊரிலும் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அடுத்து, நுனி கிள்ளுவது. இதற்குக் கை வேலையைத் தவிரச் செலவு கிடையாது, ஆனாலும் மானாவாரியில் யாரும் செய்வதில்லை. ரகங்களுக்கு 70-75 நாளில், பதினைந்தாவது கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ள வேண்டும். நம் கணக்கில் அது மழை ஓய்கிற நேரத்தோடு ஒத்துப்போகிறது. பூ விரிந்த நாளிலிருந்து காய் முற்றி வெடிக்க 45 முதல் 50 நாள் ஆகும். ஈரம் தை மூன்றாம் வாரத்தில் முடியும் என்றால் மார்கழி முதல் வாரத்துக்குப் பிறகு விரியும் பூ நமக்கு இல்லை. நுனியைக் கிள்ளிவிட்டால் செடி அந்தப் பூவுக்குச் செலவழிக்கிற தண்ணீர் ஏற்கெனவே பிடித்த காய்க்குப் போகும். நல்ல செடியைக் கிள்ள அப்பாவுக்கு மனசு வராது. பத்து வரிசை மட்டும் முதல் வருடம் கிள்ளச் சொல்லுங்கள், பக்கத்து வரிசைக் காயோடு எடை போட்டுப் பார்க்கட்டும்.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நமக்கு வருடம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். அந்த மாதிரி மழைக்கு எந்த ரகமும் எந்த வரப்பும் ஈடு கொடுக்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஐந்து, பத்து செ.மீ. மழை இரண்டு நாள் பெய்து தண்ணீர் தேங்குவது இப்போது அடிக்கடி நடக்கிறது. அதில் பாதி சேதத்தைத் தடுக்கலாம். சமதளத்தில் விதைக்காமல் பார் பிடித்து, அதாவது மண்ணை மேடாக அணைத்து, அதன் மேல் விதையுங்கள். நான்கு வரிசைக்கு ஒரு வடிகால் ஓடை, எல்லா ஓடையும் சரிவின் கீழ்க்கோடியில் ஒரு பண்ணைக்குட்டையில் முடிகிற மாதிரி. மழை கம்மியான வருடத்தில் அதே ஓடையின் வாயை மண் போட்டு மூடினால் தண்ணீர் வயலுக்குள்ளேயே நிற்கும். மழை தொடங்கிய பிறகு சேற்றில் இறங்கி வடிகால் வெட்ட முடியாது. கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியும். ஆகவே விதைப்போடு சேர்த்தே இதை முடித்துவிட வேண்டும்.

குட்டை என்றதும் இடம் போகிறதே என்பார்கள். 100 அடிக்கு 100 அடி, சராசரி ஐந்தடி ஆழம் என்றால் சுமார் 14 லட்சம் லிட்டர். இடம் கால் ஏக்கருக்கும் குறைவு. ஒரு ஏக்கருக்கு பயிரைக் காப்பாற்றும் உயிர்த் தண்ணீர் 3 செ.மீ. விட 1 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் போதும், மூன்று ஏக்கருக்கு மூன்றரை லட்சம் சொச்சம். ஆவியாகிறது, கசிகிறது என்று பாதியைக் கழித்தாலும் இரண்டு முறை பாய்ச்சலாம். மார்கழி நடுவில் ஒன்று, தை முதல் வாரத்தில் ஒன்று என்று பாய்ச்சினால் அந்த 125 நாள் 140 நாள் ஆகிவிடும். மானாவாரி விவசாயிக்கு அது ஒரு முழு எடுப்பு, அதாவது ஒரு தடவைப் பருத்திப் பறிப்பு. பண்ணைக்குட்டைக்கு அரசு மானியம் அவ்வப்போது வருகிறது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கோடையிலேயே பெயரைப் பதிந்து வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. நீண்ட வறட்சிக்குப் பிறகு திடீரென்று கனமழை பெய்தாலோ தண்ணீர் பாய்ச்சினாலோ, நிறையக் காய் பிடித்த செடி காலையில் நன்றாக நின்று சாயங்காலம் வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கிவிடும். இது பூஞ்சை நோய் அல்ல, வேர் மூச்சுத் திணறுவது. தொங்கிய சில மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன்: 10 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடும் 200 கிராம் யூரியாவும் கலந்து தூரில் ஊற்றுங்கள். மறுநாள் ஊற்றிப் பயன் இல்லை. அதனால் மழைக்கு முன்னாலேயே இரண்டையும் வீட்டில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றி. இதில்தான் என் வாதம் நிற்கிறது. மூன்று வருடத்தில் ஒரு வருடம் மழை ஏமாற்றும் என்று வைத்தே திட்டம் போட வேண்டும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் கடனில் விழுந்தவர்கள் எல்லோரும் விளைச்சல் போனதால் விழவில்லை. விதைக்கும் முன்பே எல்லாப் பணத்தையும் மண்ணில் போட்டவர்கள்தான் விழுந்தார்கள். அதனால் மழை கண்ணில் பட்ட பிறகே பணத்தை இறக்குங்கள். அடியுரத்துக்குக் கோடையில் ராத்திரி ஆடுகளைப் புஞ்சையில் அடைத்து ஆட்டுக்கிடை போடுங்கள். யூரியாவை மூன்றாகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும் நாளில் மட்டும் போடுங்கள். ஈரம் இல்லை என்றால் அந்தத் தவணையைப் போடாமலே விட்டுவிடலாம், மிச்சமான பணம் கையில் இருக்கும். இரண்டு வரிசை பருத்திக்கு ஒரு வரிசை உளுந்து. எழுபது நாளில் கைக்கு வரும் அந்த உளுந்து முதல் எடுப்புக் கூலிக்கு ஆகும். நம் முன்னோர்கள் பருத்தியோடு மல்லியும் பயறும் தூவியதற்குக் காரணமும் அதுதான். பயிர்க் காப்பீட்டைக் கட்டாயம் கட்டுங்கள். பருத்திக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். பொதுவாக இழப்பீடு உங்கள் புஞ்சையை மட்டும் பார்த்து வராது, பகுதியின் சராசரி விளைச்சலை வைத்து வரும் என்பதையும் தெரிந்துகொண்டே கட்டுங்கள்.

கருங்கண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். நாட்டுப் பருத்தி, கரிசலுக்கே உரியது. ஆழ வேர் போட்டு வறட்சியில் பொறுத்து நிற்கும். தத்துப்பூச்சி கிட்டே வராது. சித்திரையில் ஒரு மழை கிடைத்தால் மறுகாய் கொடுக்கும். தை கடைசியில் முடித்துவிடச் சொன்ன விதி இதற்குப் பொருந்தாது. கோவில்பட்டியில் இப்போதும் இதன் மேம்பட்ட ரகம் வருகிறது, கே 12 அதில் ஒன்று. குறை என்ன என்றால் காய் சிறிது, எடுப்புக் கூலி அதிகம், இழை குட்டை, நூற்பாலைகள் கேட்கும் நீளம் வராது. குஜராத்தின் கட்ச் பகுதியில் காலா பருத்தி என்ற நாட்டுப் பருத்தியை கமீர் அமைப்பும் கைத்தறி நெசவாளர்களும் சேர்ந்து மறுபடி விலைபோக வைத்திருக்கிறார்கள். அங்கே முதலில் நெசவாளரைப் பிடித்தார்கள். வாங்க ஆள் இல்லாமல் மூன்று ஏக்கரும் கருங்கண்ணி போடச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அரை ஏக்கர் போடுங்கள். எல்லாம் கெட்ட வருடத்திலும் அந்த அரை ஏக்கரில் ஏதாவது மிஞ்சும், விதையும் கையில் இருக்கும்.

தனி ஆளாகச் செய்ய முடியாதது ஒன்று உண்டு. உங்கள் புஞ்சையில் தையோடு முடித்து, பக்கத்தில் பங்குனி வரை பயிர் நின்றால் புழு அங்கிருந்து வரும். சுற்றியுள்ள பத்துப் பதினைந்து பேராவது பத்து நாள் இடைவெளிக்குள் விதைத்து, ஒரே சமயத்தில் ஆடு விட்டு மேய்த்து, மாரை, அதாவது காய் எடுத்து முடிந்த செடியை, பிடுங்கிவிட வேண்டும். பருத்தி மாரை அடுப்புக்கு என்று வீட்டுப் பக்கம் ஆடி வரை அடுக்கி வைக்கிற வழக்கத்தையும் விட வேண்டும். வெடிக்காத கொட்டுக்காய்க்குள் புழு அடுத்த பருவம் வரை தூங்கும். எடுப்பையும் கூட்டாகப் பேசிவைத்தால் ஆள் கிடைக்கும். பனி ஈரம் இருக்கும்போதே, காலை பத்து, பதினொன்றுக்குள் எடுத்தால் சருகு ஒட்டாது. சருகு இல்லாத பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கிடைக்கும் விலை வித்தியாசத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் உச்சி வெயிலில் எடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. மேலே போட்ட நாள் கணக்கு முழுவதும் கரிசல் மூன்றடிக்கு மேல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. சித்திரை உழவுக்கு முன்னால், ஏக்கருக்கு ஒன்றாக மூன்று இடத்தில் கடப்பாரையால் குழி தோண்டிப் பாருங்கள். கருப்பு மண் எத்தனை அடியில் முடிகிறது, சுக்கான் என்கிற சுண்ணாம்புப் பாறை எங்கே தட்டுப்படுகிறது என்று அளந்து எழுதுங்கள். இரண்டடியிலேயே சுக்கான் வந்தால் மழை நின்ற பிறகு ஈரம் 25 நாள், மிஞ்சிப்போனால் 30 நாள்தான். அப்படிப்பட்ட இடத்தில் பருத்தி வேண்டாம், கம்போ உளுந்தோ போடுங்கள். ஆழமுள்ள இடத்துக்கு மட்டும் எவ்வளவு விதை வேண்டும் என்று அப்புறம் கணக்குப் போடலாம்.